சூளையடியில் ஒரு காலைக் கஞ்சி

கானா நாட்டின் தலைநகரான அக்ராவிலிருந்து வடகிழக்கே வாகனத்தில் இரண்டு மணித்தியாலம் போனால் ஒடுமாசே என்னும் சிற்றூர் வரும். குரோபோ என்னும் மக்கள் வாழும் பிரதேசம் அது. கிராம அபிவிருத்தி பற்றிய கருத்தரங்கு ஒன்றுக்காகச் சில ஆண்டுகளுக்கு முன்னர் நாம் அந்நாட்டுக்குப் போயிருந்தோம். கருத்தரங்கிலே கேட்டவற்றில் பாதி மறந்துபோயிற்று. ஒடுமாசேயில் ஒரு மணிமாலைப் பட்டறையின் சூளையடியில் இருந்து குடித்த கஞ்சி மட்டும் மறக்கவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

விடியற்காலை ஆறு மணிக்கே பட்டறைக்குப் போய்விட்டோம். பட்டறை என்றதும் பெரிய கட்டடம் ஒன்றை நினைக்க வேண்டாம். மாமரங்களின் கீழே நாலு கால் நட்டுத் தகரம் போட்ட கொட்டில்கள் மூன்று. ஒன்றில் உடைந்த போத்தல்கள் நிறம் நிறமாகக் குவிந்து கிடந்தன: பியர்ப் போத்தலின் பச்சையும் மண்ணிறமும், யன்னற் கண்ணாடியின் வெள்ளை, பழைய மருந்துப் போத்தலின் நீலம். இன்னொன்றில் நமது ஊர்ப் பாண் போறணையைச் சின்னதாக்கியது போன்ற சூளை. அது கறையான் புற்று மண்ணைக் குழைத்துக் கட்டப்பட்டது. புற்று மண் வெப்பத்துக்கு வெடிக்காது என்று அவர்கள் கண்டிருக்கிறார்கள். இளைஞன் ஒருவன் இரும்பு உரலிலே போத்தல் துண்டுகளைப் போட்டு இரும்பு உலக்கையால் இடித்துக்கொண்டிருந்தான். அரிசி இடிக்கும் அதே தாளம், ஆனால் காது கூசும் சத்தம்.

இடித்த கண்ணாடியை அரிதட்டில் அரித்து மாவாக்குகிறார்கள். களிமண்ணால் செய்த அச்சுப் பலகையில் பணியாரச் சட்டிபோலக் குழிகள் வரிசையாக இருக்கும். மணி ஒட்டிக்கொள்ளாதபடி குழிகளுக்கு வெண்களி பூசுவார்கள். ஒவ்வொரு குழியின் நடுவிலும் மரவள்ளி இலைக்காம்பில் ஒரு துண்டை நட்டு, அதைச் சுற்றிக் கண்ணாடி மாவை நிரப்பிச் சூளைக்குள் தள்ளுவார்கள். கண்ணாடி உருகி ஒன்றுசேரும் நேரத்தில் காம்பு எரிந்து சாம்பலாகிவிடும். காம்பு இருந்த இடமே மணியின் துவாரம். மாலை கோப்பதற்கான நூல் அதற்குள்ளால் போகும். எரிந்து அழிவதற்கென்றே ஒரு காம்பை வெட்டி வைக்கும் இந்த யுக்தியை எவர் முதலில் கண்டுபிடித்தாரோ, அவர் மரவள்ளித் தோட்டம் செய்த ஒருவராகத்தான் இருக்கவேண்டும்.

பட்டறைத் தலைவருக்கு வயது அறுபதுக்கு மேல். அவரிடம் நாம் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு கேள்விகளைத் தொடங்கினோம். எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்? மாத வருமானம் எவ்வளவு? சந்தை வசதி எப்படி? எமது வழக்கமான கேள்விகள்தான். அவர் ஒன்றுக்கும் மறுமொழி சொல்லவில்லை. எம்மைக் கூட்டிவந்த சாரதியிடம் டங்மே மொழியில் ஏதோ சொன்னார். சாரதி சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தார்: "சூளையிலே முதல் அடுக்கு வைத்தாயிற்று. அது வேகும் வரைக்கும் இங்கே சாப்பாட்டு நேரம். சாப்பிடாத ஆள் கேள்வி கேட்கக் கூடாதாம், சுவாமி."

உண்மையைச் சொல்வதானால் எமக்குச் சாப்பிட மனமில்லை. வெளியிடங்களில் ஒன்றும் உண்ணக்கூடாது, தண்ணீர் குடிக்கவே கூடாது என்று கருத்தரங்கு ஏற்பாட்டாளர்கள் முதல் நாளே எச்சரித்திருந்தார்கள். பையிலே பிஸ்கற் பைக்கற் ஒன்றும் மூடியிட்ட தண்ணீர்ப் போத்தலும் வைத்திருந்தோம். அதைச் சொல்லித் தப்பலாமா என்று ஒரு கணம் யோசித்தோம். அப்போதுதான் முகாம்களிலே மக்கள் தேத்தண்ணி தரும்போது அவசரமாக ஜீப்பில் ஏறிப்போகும் அதிகாரிகளின் முகங்கள் ஞாபகத்துக்கு வந்தன. நாமும் அப்படிச் சில தடவை ஏறிப் போனதுண்டு. பிஸ்கற் பைக்கற்றைப் பைக்குள்ளேயே விட்டுவிட்டு வாங்கிலில் உட்கார்ந்தோம்.

தலையிலே பெரிய அலுமினியப் பாத்திரத்துடன் கஞ்சிக்காரப் பெண் வந்தாள். கஞ்சியின் பெயர் கோகோ. நாம் முதலில் கொக்கோ என்று நினைத்தோம், கானா கொக்கோவுக்குப் பெயர்போன நாடல்லவா? ஆனால் இது கம்பு என்னும் தானியத்தில் காய்ச்சிய புளித்த கஞ்சி. கம்பை ஊறவைத்து, இஞ்சி, மிளகாய், கராம்பு சேர்த்து அரைத்து, புளிக்கவிட்டு, வடித்து எடுத்த பாலைக் காய்ச்சுகிறார்கள். சற்றுச் சீனி போட்டுச் சூடாகக் குடிப்பார்கள். காரமும் புளிப்பும் இனிப்பும் ஒன்றாய்த் தொண்டையில் இறங்கும்போது நமது ஒடியற்கூழும் பழஞ்சோற்றுக் கஞ்சியும் ஒருங்கே நினைவுக்கு வந்தன. கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள ஒரு தாளிலே சுற்றி வைத்திருந்ததைப் பார்த்ததும் எமக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்துவிட்டது. வடை! அவர்கள் அதைக் கோசே என்கிறார்கள். கௌபியை ஊறவைத்துத் தோல் நீக்கி, வெங்காயமும் மிளகாயும் சேர்த்து அரைத்து, நன்றாக அடித்து எண்ணெயில் பொரித்தது. நமது உழுந்து வடையை விட மென்மையானது, நடுவிலே துளை இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

இதைப் பின்னர் தேடிப் படித்தபோது ஒரு விடயம் அறிந்தோம். கௌபி முதன்முதலில் பயிராக்கப்பட்டது மேற்கு ஆபிரிக்காவிலேதான். மத்திய கானாவிலே 3,500 ஆண்டுகளுக்கும் முந்திய கௌபி விதைகளை அகழ்ந்தெடுத்திருக்கிறார்கள். கம்பும் அந்தப் பக்கத்துத் தானியமே. இரண்டும் மிகப் பழங்காலத்திலேயே இந்தியாவுக்கு வந்துவிட்டன. நமது வேலியிலே படரும் பயற்றங்கொடியும் அந்தக் கௌபியின் இனமே. அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்கள் இதே வடையைப் பிரேசில் நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். இன்றும் அங்கே தெருவோரங்களில் அது விற்கப்படுகிறது. நிலத்தை விட்டுப் போனவர்கள் விதையையும் சுவையையும் விடவில்லை.

சாப்பாட்டுக்கு முன்னர் ஒரு சிறுமி தண்ணீர்ச் செம்பும் கோப்பையும் கொண்டுவந்து ஒவ்வொருவராகக் கை கழுவ வைத்தாள். வலக்கையில் பேனா இருந்தபடியால் நாம் இடக்கையை நீட்டிக் கஞ்சிக் குடுவையை வாங்கப் போனோம். சிறுமி குடுவையைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அங்கேயும் இடக்கையால் கொடுப்பதும் வாங்குவதும் பெரும் மரியாதைக்குறைவு. எமது தாயார் உயிரோடு இருந்திருந்தால் குடுவையை இழுத்ததோடு நிறுத்தியிருக்கமாட்டார். பேனாவை மூடிச் சட்டைப் பையில் போட்டோம். அதன்பின் அன்று மத்தியானம் வரையும் அதைத் திறக்கவில்லை.

வட்டமாக இருந்து ஒன்பது பேர் சாப்பிட்டோம். தலைவர், அவருடைய மகன், மணி கோக்கும் பெண்கள் மூவர், இடிக்கிற பையன் உட்படப் பழகுநர் இருவர், சாரதி, நாம். தலைவர் முதலில் எடுக்கவில்லை. பழகுநர்களுக்குக் கொடுத்த பிறகே எடுத்தார். பழகுநருக்கு அங்கே சம்பளம் கிடையாது. தொழிலும் காலைச் சாப்பாடும் கிடைக்கும். "பசியோடு இருப்பவன் சூளைக்குக் கிட்டப் போனால் கையைச் சுட்டுக்கொள்வான்" என்றார் தலைவர். ஒரு வகை மணிக்குக் காம்பு வைப்பதில்லை. உடைந்த கண்ணாடித் துண்டுகளை அப்படியே அச்சில் இட்டு உருக்கி, சூளையிலிருந்து எடுத்தவுடன், இளகி இருக்கும்போதே, ஓர் இரும்பு ஊசியால் பிடித்து மற்ற ஊசியால் குத்திச் சுழற்றித் துவாரமும் வட்டமும் ஆக்கவேண்டும். நூல் பிடிக்கும் நேரத்துக்குள் முடிக்காவிட்டால் இறுகிவிடும். கை நடுங்குகிறவனால் அது ஆகாது. ஆகவே கஞ்சி அங்கே தொழிற்கருவிகளில் ஒன்று.

கஞ்சி பாதி இறங்கிய பிறகு பேச்சுத் தொடங்கியது. எம்மைப் பற்றித் தலைவர் கேட்டார். எமது நாட்டிலே போர் நடந்ததென்றும், நாம் சேவை செய்யும் மக்கள் பல தடவை இடம்பெயர்ந்த விவசாயிகள் என்றும், காணி உறுதிகளைப் பொலித்தீனில் சுற்றிக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்தவர்கள் என்றும் சொன்னோம். அவர் தலையை ஆட்டினார். பிறகு கையைத் தெற்குப் பக்கமாக நீட்டினார். வரும் வழியில் சமவெளியின் நடுவே தன்னந்தனியாக ஒரு கற்குன்று நிற்பதை நாம் பார்த்திருந்தோம். "அந்த மலை எங்கள் ஊர்" என்றார்.

குரோபோ மக்கள் பல நூற்றாண்டுகளாக அந்த மலையின் மேல் வீடு கட்டி வாழ்ந்தவர்கள். அடிவாரத்திலும் அப்பாலுள்ள காடுகளிலும் தோட்டம் செய்தார்கள். 1892ஆம் ஆண்டிலே ஆங்கில ஆட்சி அவர்களை மலையை விட்டு இறங்கும்படி கட்டளையிட்டது. மலையில் நடக்கும் சடங்குகள் காட்டுமிராண்டித்தனமானவை என்பது ஆட்சியாளர் சொன்ன காரணம். மூன்று நாள் அவகாசம். வீடுகள் இடிக்கப்பட்டன. முன்னோரின் கல்லறைகள் மேலேயே இருந்துவிட்டன. அக்காலத்துப் பாதிரிமாரும் அந்தச் சடங்குகளை வெறுத்தவர்களே என்பதை நாம் மறைக்கத் தேவையில்லை. தலைவரும் மறைக்கவில்லை. எமது அங்கியைப் பார்த்துக்கொண்டே அதைச் சொன்னார்.

"என் பூட்டி இறங்கும்போது பானை சட்டி ஒன்றும் எடுக்கவில்லையாம். மணிகளை மட்டும் இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினாவாம். அதிலே சில இன்னும் வீட்டில் இருக்கின்றன" என்றார். காட்டுவீர்களா என்று கேட்டோம். "காட்டமாட்டேன். அது பெண்களின் பெட்டி. என் மனைவியைக் கேட்கவேண்டும், அவள் தோட்டத்துக்குப் போய்விட்டாள்" என்றார்.

குரோபோப் பெண்பிள்ளைகள் பருவமடையும் காலத்தில் நடக்கும் சடங்குக்கு டிப்போ என்று பெயர். நமது பஸ் டிப்போவுக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. அந்நாளில் பிள்ளைகள் பல மாதங்கள் மலையிலே தங்கியிருந்து வீட்டுக் கடமைகளைப் பழகுவார்களாம். மலை போன பிறகு சடங்கு வீட்டு முற்றத்துக்கு வந்து, நாட்களும் சுருங்கிவிட்டன. ஆனால் மணி சுருங்கவில்லை. பிள்ளைகள் கழுத்திலும் இடுப்பிலும் முழங்காலிலும் குடும்பத்து மணிகளைச் சுமந்தபடி ஊர்வலம் போகிறார்கள். பிறந்த குழந்தைக்கு இடுப்பு மணி, கலியாணத்துக்கு ஒரு மணி, செத்தவீட்டுக்கு வேறு நிறம்.

பட்டறை ஏன் இன்னும் நடக்கிறது என்ற எமது கேள்விக்கு விடை இதிலேதான் இருந்தது. வெள்ளைக்காரர் வந்து வாங்குகிறார்கள்தான். ஆயினும் அவர்களை நம்பிச் சூளை மூட்டப்படுவதில்லை. புதன்கிழமையும் சனிக்கிழமையும் பக்கத்து அகோமான்யாவில் சந்தை கூடுகிறது. வியாழக்கிழமை கொஃபொரிடுவாவில் மணிச்சந்தை. அங்கே வாங்குபவர்களில் பெரும்பாலோர் அந்த மக்களே. இதைக் கேட்டபோது எமக்குச் சற்று வெட்கமாகவும் இருந்தது. இடம்பெயர்ந்தோருக்குச் சுயதொழில் என்று சொல்லி நாமும் மெழுகுதிரி வார்க்கப் பழக்கியிருக்கிறோம், சவர்க்காரம் செய்யப் பழக்கியிருக்கிறோம். பயிற்சி முடிவில் சான்றிதழும் புகைப்படமும் உண்டு. ஒரே முகாமில் இருபது பெண்கள் ஒரே மெழுகுதிரியைச் செய்தால் யார் யாருக்கு விற்பது என்று நாம் முன்கூட்டிக் கேட்கவில்லை. அயல் வீட்டுக்காரி எதை வாங்காமல் இருக்கமாட்டாள் என்பதை முதலில் பார்த்திருக்கவேண்டும்.

கோசேயின் கடைசித் துண்டுக்குப் பழகுநர் இருவரும் போட்டியிட்ட வேளையில் தலைவரின் மகன் காணிக் கதையை எடுத்தான். மலையிலிருந்து இறக்கப்பட்டவர்கள் எங்கே போனார்கள் என்று நாம் கேட்டோம். அவன் சொன்னது எம்மை நிமிர்ந்து உட்கார வைத்தது.

குரோபோ மக்கள் 1892 வரும் வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. அதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே மேற்குக் காடுகளில் காணி வாங்கி வந்தார்கள். தனியொருவனாக அல்ல. ஒரு கூட்டம் விவசாயிகள் சேர்ந்து ஒரு தலைவனைத் தெரிவுசெய்வார்கள். அவன் காட்டுக்குச் சொந்தமான அரசனிடம் பேசி விலை தீர்ப்பான். ஒவ்வொருவரும் தம்மால் இயன்ற பங்கைப் போடுவார்கள். பெரும்பாலும் ஒரு ஓடையை அடிக்கோடாக வைத்து, கயிற்றால் அளந்து, போட்ட பணத்துக்கு ஏற்ற அகலத்தில் ஒன்றன்பக்கத்தில் ஒன்றாக நீளத் துண்டுகளாகப் பிரிப்பார்கள். அவரவர் வீடு அவரவர் துண்டின் தலைப்பில் இருக்கும். ஆகவே வீடுகள் ஓடைக்கரையில் ஒரே வரிசையாக அமையும். எல்லோருக்கும் தண்ணீர், எல்லோருக்கும் அயல். இதற்கு ஹூசா என்று பெயர். விலையைத் தவணை தவணையாகக் கட்டி முடிப்பார்கள். முள்ளுத்தேங்காய் எண்ணெய் விற்ற பணம்தான் காணியாக மாறியது. ஆங்கில வணிகர் எண்ணெய்க்கு அடிமாட்டு விலை வைத்தபோது, 1858 முதல் 1866 வரை அவர்களுக்கு எண்ணெய் விற்க மறுத்த வரலாறும் இவர்களுக்கு உண்டு. ஆகவே மலை பறிபோனபோது போய்ச் சேருவதற்குத் தோட்டமும், தோட்டத்தில் ஒரு குடிசையும் பலருக்கு ஏற்கெனவே இருந்தன. துயரம் இருந்தது, ஆனால் தெருவில் நிற்கவில்லை.

அதுவரை வாய் திறவாமல் மணிகளைக் கல்லிலே மணலும் தண்ணீரும் விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி அப்போது பேசினாள். நடுத்தர வயது. கஞ்சியைக் குடித்த கையோடு வேலைக்குத் திரும்பிவிட்டவள். "எங்களுக்கு அப்படி இல்லை" என்றாள். அவளுடைய தகப்பனின் ஊர் வோல்டா ஏரியின் அடியில் கிடக்கிறது.

ஒடுமாசேக்கு அருகிலே அக்கொசொம்போ என்னும் இடத்தில் வோல்டா ஆற்றை மறித்துக் கட்டிய அணை இருக்கிறது. சுதந்திர கானாவின் பெருமை அது. 1964இல் நீர் தேங்கத் தொடங்கியது. ஏரியின் பரப்பு இலங்கைத் தீவின் எட்டில் ஒரு பங்கு என்றால் அதன் அளவை எண்ணிப் பாருங்கள். எழுநூறுக்கும் மேற்பட்ட கிராமங்கள் மூழ்கின. ஏறக்குறைய 80,000 பேர் 52 புதிய குடியேற்றங்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அங்கே அவர்களுக்குக் கிடைத்தது அத்திவாரம் முழுமையாகவும் அறை ஒன்று மட்டும் கட்டியும் விட்ட வீடு. மிச்சத்தை நீங்களே கட்டுங்கள் என்பது திட்டம். பத்துப் பேர் கொண்ட குடும்பம் ஓர் அறையில். உழவு இயந்திரம் வரும், நவீன விவசாயம் வரும் என்றார்கள். ஆனால் காடு வெட்டித் துப்புரவாக்கும் வேலை பின்தங்கிப் போயிற்று. நிவாரண உணவிலே காலம் ஓடியது. அணையின் மின்சாரத்திலே பெரும்பங்கு அலுமினியத் தொழிற்சாலைக்குப் போக, இடங்கொடுத்த மக்களின் பல குடியேற்றங்கள் ஆண்டுக்கணக்காய் விளக்கில்லாமல் கிடந்தன. தேங்கிய நீர் நத்தைக் காய்ச்சலைப் பெருக்கியது. கொஞ்சக் காலத்தில் பலர் குடியேற்றங்களைக் கைவிட்டு ஏரிக்கரைக்குத் திரும்பி, மீன் பிடித்தும் நீர் வற்றும் கரையில் பயிரிட்டும் பிழைத்தார்கள். 2023ஆம் ஆண்டு செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் அதே அணையின் கதவுகளைத் திறந்துவிட்டபோது கீழ்ப்புறத்து ஊர்களில் பல்லாயிரம் பேர் மறுபடியும் வீடிழந்தார்கள் என்று பத்திரிகையில் படித்தபோது, அந்தப் பெண்ணின் முகமே எம் கண்முன் வந்தது.

"அப்பா அந்த ஓர் அறையிலேயே இருந்து செத்தார். மற்ற அறைகளுக்கு அத்திவாரம் இருந்ததால் அதற்குள்ளே மிளகாய் நட்டோம்" என்றாள் அவள். சொல்லிவிட்டு மணியைத் தேய்க்கத் தொடங்கினாள்.

எவரும் சிறிது நேரம் பேசவில்லை. அத்திவாரத்துக்குள் மிளகாய்க் கன்று நிற்பதை நாமும் வேறு ஊர்களில் பார்த்திருக்கிறோம்.

அவள் இப்போது என்ன செய்கிறாள் என்று கேட்டோம். ஏழு வருடமாக இந்தப் பட்டறையில் தேய்ப்பும் கோப்பும். கோத்த சரத்துக்கு இவ்வளவு என்று கூலி. அதிலே தினமும் ஒரு சிறு தொகையைச் சூசூக்காரனிடம் கொடுக்கிறாள். சூசூ என்பது அவர்களின் சேமிப்பு முறை. சில இடங்களில் நமது சீட்டைப் போலவே கூட்டமாகப் பிடித்து முறை வைத்து எடுப்பார்கள். இங்கே ஒருவன் நாள்தோறும் வந்து சேர்த்துக்கொண்டு, அட்டையில் அடையாளமிட்டு, மாத முடிவில் முழுவதையும் திருப்பித் தருவான். ஒரு நாள் பணம் அவன் கூலி. வட்டி இல்லையே என்றோம். "வட்டி வேண்டாம். என் கையில் இருந்தால் செலவாகிவிடும். அதைக் காப்பதற்குத்தான் கூலி" என்றாள். அந்தப் பணத்தில் அவள் ஒரு ஹூசாத் துண்டிலே மரவள்ளி நட இடம் குத்தகைக்கு எடுத்திருக்கிறாள். அன்று அச்சுகளில் நட்டிருந்த காம்புகள் அவளுடைய தோட்டத்துக் காம்புகளே. தலைவர் அவற்றுக்குக் காசு கொடுப்பதில்லை என்பது அவளுக்கு ஒரு மனக்குறை. எங்கள் முன்னிலையிலேயே அதைச் சொன்னாள். தலைவர் வானத்தைப் பார்த்தார்.

சூளை வாயைத் திறந்தார்கள். முள்ளுத்தேங்காய்ச் சிரட்டை எரிந்த வெக்கை முகத்தில் அடித்தது. தலைவரின் மகன் நீண்ட கம்பியால் அச்சுகளை ஒவ்வொன்றாக இழுத்துச் சாம்பல்மேல் வைத்தான். செந்நிறமாகத் தெரிந்த மணிகள் ஆற ஆறத் தத்தம் நிறத்துக்குத் திரும்பின. ஓர் அச்சிலே நாலு மணிகள் பிளந்திருந்தன. கண்ணாடி மா சரியாக அரிக்கப்படவில்லை என்று இடிக்கிற பையனுக்கு ஏச்சு விழுந்தது. பிளந்தவற்றை எறியவில்லை. மீண்டும் உரலுக்குள் போட்டார்கள்.

கஞ்சிக்காரப் பெண் குடுவைகளைச் சேர்க்க வந்தாள். நாம் காசை எடுத்து நீட்டினோம், இம்முறை வலக்கையால். அவள் வாங்கவில்லை. கொட்டிலின் தூணிலே கரிக்கட்டியால் கோடுகள் கிழித்திருந்தன. ஒரு கோப்பைக்கு ஒரு கோடு, சனிக்கிழமை சந்தை முடிந்த பிறகு கணக்குத் தீர்ப்பார்கள். எட்டுக் கோடுகளுக்குப் பக்கத்தில் அவள் எமக்காக ஒன்பதாவதைக் கிழித்தாள். ஒசோஃபோ, அதாவது சுவாமி, சனிக்கிழமை இருக்கமாட்டாரே என்று சாரதி சொன்னார். தலைவர் தன் பெயருக்கு நேரே அதை மாற்றிப் போடச் சொல்லிவிட்டு, அடுத்த அடுக்குக்கு அச்சு நிரப்பக் குனிந்தார்.